நான்கு மில்லிமீட்டர்

ஆல்போர்க் மருத்துவமனையின் மூன்றாம் தளத்துக்கு
மெழுகுக் கட்டிக்குள் வந்து சேர்ந்தது
எஸ்கில் கேர் என்கிற மீனவரின் வலது மணிக்கட்டு.
மணிக்கட்டு என்றால், அதில் நான்கு மில்லிமீட்டர்.

போடில் அதை மூன்று மைக்ரான் கனத்தில் சீவினாள்.
வெதுநீரில் மிதக்கவிட்டு
பாலாடை எடுப்பதுபோல் கண்ணாடியில் ஏந்தினாள்.
ஊதாவில் ஒரு முக்கு, ரோஜாச் சிவப்பில் ஒரு முக்கு.
"நீர் கோத்த தோல், டாக்டர்" என்றாள்
தட்டை வைத்துவிட்டுப் போகையில்.
சாயமேற்றுகிறவர்களுக்கு முன்னமே தெரிந்துவிடுகிறது.

கண்ணை வைத்தேன்.

நல்ல தோலில் செல்கள் நெருக்கியடித்து நிற்கும்,
முள் முள்ளாய்க் கை நீட்டி
ஒன்றையொன்று பிடித்தபடி.
இங்கே நடுவில் நீர்.
நீர் ஏற ஏறக் கைகள் நீள்கின்றன,
இழுபட்டு இழுபட்டு நூலாகின்றன.
வலைபோல.
மீனவர் தோலில் போய் வலையைச் சொல்ல
வெட்கமாக இருந்தது. வேறு உவமை தேடினேன்.
கிடைக்கவில்லை. வலைதான்.

சில இடங்களில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.
அங்கே ஒரு குட்டிக் குளம்.
வெளியிலிருந்து அவர் அதைக் கொப்புளமென்று சொறிந்திருப்பார்.
குளத்தில் மிதக்கிறது ஒற்றைச் செல்,
கரு சுருங்கி,
எதையும் பிடிக்காத கைகளோடு.

கீழே குருதிக்குழாய்கள் வீங்கியிருக்கின்றன.
அவற்றைச் சுற்றிக் கடுகு தாளித்ததுபோல்
நிணச்செல்களின் கருநீலப் பொட்டுகள்.
சில, மேல்தோல் வரை ஏறிவிட்டன.
தீ எங்கே, தீ எங்கே என்று கேட்கிற தீயணைப்புக்காரர்கள்.
தீ இல்லை.
ஆனாலும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போவார்கள்.

உச்சியில், உதிரப்போகும் செதிள்களில்
இன்னும் கரு இருக்கிறது.
சாக அவகாசம் தராமல்
விளிம்புக்குத் தள்ளப்பட்டவை.

எழுதினேன்: நீர் கோத்த அழற்சி.
காரணம் ஸ்லைடில் இல்லை. நோயாளியிடம் கேட்கவும்.

வழக்கமாக இதோடு அடுத்த தட்டு.
அன்று போனை எடுத்தேன்.
மதியச் சாப்பாட்டில் ஹெர்ரிங் இருந்ததாலோ என்னவோ.

"உங்கள் வலையில் என்ன ஏறுகிறது?"
"மீன்" என்றார். பின்னால் இன்ஜின் சத்தம்.
"மீனைத் தவிர?"
"பாசி மாதிரி ஒன்று. பாசியில்லை, பிராணி என்பார்கள்.
டாகர் திட்டில் கோடையானால் கொத்துக் கொத்தாய் வரும்.
பதினெட்டு வருஷம் வெறுங்கையால் உருவி எறிந்தேன்.
ஒன்றும் செய்ததில்லை."
"பத்தொன்பதாம் வருஷம்?"
கொஞ்ச நேரம் இன்ஜின் மட்டும் கேட்டது.
"அதற்கு என்மேல் என்ன கோபம்?"

அதற்கு ஒன்றுமில்லை என்றேன்.
உங்கள் தோல்தான் ஒருநாள் அதன் முகத்தைப் படித்துக்கொண்டது.
படித்ததை மறக்காது.
"நான் மறந்துவிட்டால்?"
நீங்கள் மறக்கலாம் என்றேன்.

கையுறை என்றேன். முடிச்சு பிடிபடாது என்றார்.
கரைவேலை என்றேன்.
படகுக்கு இன்னும் ஆறு வருஷத் தவணை என்றார்.

நவம்பரில் இன்னொரு நான்கு மில்லிமீட்டர்.
அதே மணிக்கட்டு, இரண்டு விரல் தள்ளி.
"கடலுக்குப் போகிறார்" என்றாள் போடில்,
நான் கண்ணை வைப்பதற்கு முன்.

நீர் பெரும்பாலும் வடிந்திருந்தது.
தோல் தடித்திருந்தது, இரு மடங்கு.
வெள்ளம் பார்த்த ஊர் கரையை உயர்த்திக்கொள்வதுபோல்
வேர்களைக் கீழே கீழே இறக்கி,
கூரைமேல் கூரையாய்ச் செதிள் அடுக்கி.
நகத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி
நகம்போலவே ஆகியிருந்தது.
குழாய்களைச் சுற்றிக் கருநீலப் பொட்டுகள் சில,
போகச் சொல்லி உத்தரவு வராதவை,
அங்கேயே நின்றன.

இடது ஓரத்தில்,
எப்போதோ முடிச்சு அவிழ்ந்திருக்கவேண்டிய இடத்தில்,
இரண்டு செல்களுக்கு நடுவே
மறுபடி குட்டைக் கைகள்.

அறிக்கையில் அதற்கு வரி கிடையாது.
எழுதவில்லை.
நாற்பது மடங்கில் ஒருமுறை பார்த்தேன்,
நானூறில் ஒருமுறை.